‘ஐ’ வரிசை இல்லாத அரங்கு: பகுதிநேரப் பார்வையாளர் சேவை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அரங்குக்குப் பெயர் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் நடுத்தர அரங்குகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே மாலையாகக் கோத்திருக்கிறோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. வாசலில் நின்று டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் பகுதிநேரக்காரர்கள், அவர்களை வேலைக்கு எடுப்பவர்கள் இருவருக்குமே இது உதவும்.

அரங்கும் ஆட்களும்

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நடனப் பள்ளி ஒன்று தன் மாணவிகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு அரங்கை வாடகைக்கு எடுத்திருக்கிறது. தொடக்கம் மாலை 6.30, கதவு திறப்பது 5.45. கீழ்த்தளத்தில் 16 வரிசை, வரிசைக்கு 24 இருக்கை, ஆக 384. பால்கனியில் 160. மொத்தம் 544.

முதல் இரண்டு வரிசை சிறப்பு விருந்தினர்களுக்கு. அடுத்த ஆறு வரிசை 500 ரூபாய், பின்னால் உள்ள எட்டு வரிசை 300 ரூபாய். மேல் விலை 500-இல் நிற்பதற்குக் காரணம் உண்டு. நடனம், நாடகம், இசை நிகழ்ச்சிகளுக்கு நபருக்கு 500 ரூபாய் வரையிலான அனுமதிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். “டிக்கெட்டுல வரியே போடலீங்களே?” என்று வாசலில் கேட்பவருக்கு இந்தப் பதில் போதும்.

விற்ற டிக்கெட் 298. எல்லாமே இருக்கை எண்ணோடு, செயலி வழியாக விற்றவை. இதற்கு மேல் பள்ளிக்காரர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் 220 இலவச பாஸ் கொடுத்திருந்தார்கள். அவற்றில் எண் கிடையாது. பாஸ்காரர்களுக்குப் பால்கனி என்பது பேச்சு. ஆனால் பாஸில் ‘அனைவரும் வருக’ என்றுதான் அச்சடித்திருந்தது. ‘பால்கனி’ என்ற சொல்லே இல்லை.

அரங்கின் நிரந்தர ஊழியர் டூட்டி மேனேஜர் ஒருவர்தான். மற்ற ஏழு பேரும் பகுதிநேரம்: கல்லூரி மாணவர்கள் நால்வர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட இல்லத்தரசிகள் இருவர், வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். இருவர் ஸ்கேன், ஒருவர் பாஸ் மேசை, கீழ்த்தளத்தில் இடமும் வலமும் ஒவ்வொருவர், பால்கனிக்கு ஒருவர், முகப்பிலும் சாய்தளத்திலும் ஒருவர் என்று பிரித்தாயிற்று. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வழக்கமாக 5 மணிக்கு வரச் சொல்வார்கள். அன்றைக்கு 5.30-க்கு வரச் சொன்னார்கள். ஏழு பேருக்கு அரை மணி நேரக் கூலி மிச்சம் என்பது கணக்கு. அன்றைய தொல்லை அத்தனைக்கும் வேர் இந்த அரை மணி என்பது எங்கள் முடிவு. காரணத்தைக் கீழே காட்டுகிறோம்.

5.45 முதல் 6.30 வரை

5.40-க்கு மழை பிடித்தது. பால்கனி பொறுப்பில் இருந்த மாணவி பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டியவர், வழியில் மாட்டிக்கொண்டார். ஆள் இல்லாமல் பால்கனியைத் திறக்கக் கூடாது என்பது அரங்கின் விதி. படி செங்குத்து, கைப்பிடிச் சுவர் தாழ்வு, குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். விதி சரியானதுதான். அதனால் பால்கனிப் படிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் பாஸ்காரர்கள். டிக்கெட் எடுத்தவருக்கு எண் இருக்கிறது, அவசரமில்லை. எண் இல்லாதவர்தான் இடம் பிடிக்க முன்னாலேயே வருவார். மேலே கயிறு, வெளியே மழை. கீழ்த்தளத்தின் கடைசி இரண்டு வரிசை வெறிச்சோடிக் கிடந்தது. 31 பேர் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். வலப்பக்கம் நின்ற பெரியவர் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அந்த இரண்டு வரிசைக்கு ஒரு டிக்கெட்கூட விற்றதாக அதில் இல்லை. உட்காரட்டும் என்று விட்டுவிட்டார். அவர் செய்ததில் தப்பு சொல்ல முடியாது.

6.05-க்கு மேல் கூட்டம் மொத்தமாக வந்தது. மழை விடட்டும் என்று வண்டியிலேயே காத்திருந்தவர்கள் ஒரே மூச்சில் இறங்கினால் இப்படித்தான். ஒருவரை ஸ்கேன் செய்ய 10 நொடி பிடிக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஆறு பேர். இரண்டு ஆட்கள், 25 நிமிடம் என்றால் 300 பேர். அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவர்களோ டிக்கெட்காரர்களும் பாஸ்காரர்களுமாக 340 பேர். அந்த 10 நொடியும் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான். போன் திரை மங்கலாக இருக்கும்; நனைந்த விரலுக்குத் திரை திறக்காது; கியூஆர் கோடு மகனின் போனில் இருக்கும், மகன் பார்க்கிங்கில் ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டிருப்பான்; நாலு டிக்கெட்டுக்கு ஒரே கோடு, அதில் இருவர் முன்னால் வந்து உள்ளே போயிருப்பார்கள், மீதி இருவருக்கு ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று சிவப்பு விழும். இதற்கெல்லாம் ஒரே மருந்து: சிக்கலான டிக்கெட்டை வரிசையிலேயே நிறுத்திப் பார்க்காமல் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிட வேண்டும். ஒருவரின் இரண்டு நிமிடச் சிக்கலுக்காகப் பின்னால் 12 பேர் நனைகிறார்கள்.

எச்-க்கு அடுத்து ஜே

6.15-க்கு இடப்பக்கம் நின்ற மாணவனிடம் ஓர் அம்மா போனை நீட்டினார். ஐ-7 முதல் ஐ-10 வரை நாலு இருக்கை.

“ஏனுங்க தம்பி, ஐ வரிசைங்கறது எங்கீங்க? எச்-க்குப் பொறவு ஜே-ன்னுதானுங்க எழுதியிருக்குது.”

மாணவன் எண்ணிப் பார்த்தான். ஏ, பி, சி... எச், அடுத்தது ஜே. என்-க்கு அடுத்தது பி (P). ஐ-யும் இல்லை, ஓ-வும் இல்லை. ஆங்கில ஐ-யை ஒன்று என்றும் ஓ-வைச் சுழியம் என்றும் படித்துவிடுவார்கள் என்பதால் அரங்குகளில் இந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிடுவது பழைய வழக்கம். செயலியில் இருக்கை வரைபடம் போட்டவருக்கு அது தெரியவில்லை. 16 வரிசை என்று கேட்டு, ஏ முதல் பி (P) வரை வரிசையாக எழுத்தைப் போட்டுவிட்டார்.

இருக்கை மொத்தம் இரண்டிலும் 384-தான். அதனால்தான் விற்பனைக் கணக்கைச் சரிபார்த்த யார் கண்ணிலும் இது படவில்லை. அரங்கில் கடைசி வரிசைகள் கியூ, ஆர். டிக்கெட்டில் அவை இல்லவே இல்லை. டிக்கெட்டில் ஐ, ஓ உண்டு. அரங்கில் அவை இல்லை. ஐ-யில் 22 பேர், ஓ-வில் 19 பேர், ஆக 41 பேருக்கு இருக்கை கிடையாது. கியூ, ஆர் இரண்டிலும் சேர்த்து 48 இருக்கை யாருக்கும் விற்கப்படாமல் கிடக்கிறது. ஐ என்று இருப்பதை கியூ-வுக்கும் ஓ என்று இருப்பதை ஆர்-க்கும் மாற்றிவிட்டால் வேறு யாரையும் அசைக்க வேண்டியதே இல்லை.

அந்த 48-இல்தான் 31 பாஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இதே சங்கதி கதவு திறக்கும் முன் தெரிந்திருந்தால் வேறு வழியும் இருந்தது: ஐ என்ற டிக்கெட்டை ஜே-யில், ஜே என்பதை கே-யில் என்று எல்லாரையும் ஒரு வரிசை தள்ளி உட்கார வைத்திருக்கலாம். பணம் கொடுத்துக் கேட்ட தூரத்திலேயே எல்லாருக்கும் இடம் கிடைத்திருக்கும். பாதிப் பேர் உட்கார்ந்த பிறகு அதைச் செய்யப் போனால் நூறு பேரை எழுப்ப வேண்டும். கியூ, ஆர் வழிதான் மிச்சம். அதிலும் ஒரு நியாயக் குறை உண்டு. ஐ வரிசைக்காரர் 300 ரூபாய் பகுதியின் முதல் வரிசை என்று தேடி எடுத்தவர். அவரைக் கடைசிக்கு முந்தின வரிசைக்கு அனுப்புகிறோம். விலை ஒன்றே என்றாலும் இடம் ஒன்றல்ல. “மன்னிச்சுக்கோங்க, வரைபடத்துல தப்பு எங்க பக்கம்” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இடத்தைக் காட்ட வேண்டும். காசு திருப்பித் தருவதாகப் பகுதிநேரக்காரர் வாக்குக் கொடுக்கக் கூடாது. பெயரையும் டிக்கெட் எண்ணையும் எழுதி வாங்கி மேனேஜரிடம் கொடுப்பதோடு அவர் வேலை முடிகிறது.

பிளாஸ்டிக் நாற்காலி

6.25-க்கு 30 பேர் நடைவழியில் நிற்கிறார்கள். நடனப் பள்ளியின் பொறுப்பாளர் பார்த்தார். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரை நிற்க வைப்பது பெரிய குறை. விசேஷம் நடத்துகிறவருக்கு அது தாங்காது. பின்கட்டிலிருந்து 14 பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கிவிட்டது, இடது நடைவழியில் வரிசையாக.

இங்கே பகுதிநேரக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் கூடுதல் இருக்கை போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தது அவ்வளவு உயிர் போனதற்கு ஒரு காரணம். புகை சூழ்ந்து விளக்கு அணைந்த அரங்கில், கால் இடறும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வரும் எல்லாரையும் நிறுத்திவிடும்.

ஆனால் பொறுப்பாளரிடம் போய் “நாற்காலி போடக் கூடாதுங்க” என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. அவருடைய கவலை நாற்காலி அல்ல, நிற்கிற ஆள். நிற்பவரை எங்கே உட்கார வைப்பது என்ற பதிலோடு போக வேண்டும். அந்தப் பதில் அரங்கிலேயே இருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் டிக்கெட்டில் 298, பாஸில் 140, விருந்தினர் 30, ஆக 468. இருக்கை 544. மேலே 160 இருக்கை காலியாகக் கிடக்க, கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டூட்டி மேனேஜர் பாஸ் மேசையில் இருந்த பெண்ணைப் பால்கனிக்கு அனுப்பிக் கயிற்றை அவிழ்த்தார். பாஸ் மேசையை முகப்பில் இருந்தவர் பார்த்துக்கொண்டார். பிறகு கியூ, ஆர் வரிசையில் இருந்தவர்களிடம் பேச்சு. இதில் கைப்பக்குவம் வேண்டும். “இது உங்க சீட் இல்லீங்க” என்று தொடங்கினால் தீர்ந்தது. அவர்களுக்குத்தான் சீட்டே இல்லையே. “மேல பால்கனி திறந்தாச்சுங்க, மேடை முழுசாத் தெரியும், குடும்பமா ஒண்ணா உட்காரலாம்” என்று நல்லதை முதலில் சொல்ல வேண்டும். குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. வரிசையின் ஓரத்தில் இருக்கும் குழுவிடம் முதலில் கேட்க வேண்டும். ஒரு குழு எழுந்தால் அடுத்தது தானாக எழும்.

ஒரு பாட்டி அசையவில்லை. “அம்மிணி, எனக்கு முட்டி வலி கண்ணு, படி ஏற முடியாது.” அவரை விட்டுவிட வேண்டியதுதான். 31 பேரில் 22 பேர் மேலே போனார்கள், வயதானவர்களும் துணைக்கு இருந்தவர்களுமாக 9 பேர் அங்கேயே இருந்தார்கள். ஆக 39 இருக்கை கிடைத்தது. 41 பேரில் மீந்த இருவரை எம் வரிசையில் விற்காமல் கிடந்த அடுத்தடுத்த இரண்டு இடத்தில் வைத்தார்கள். விற்காத இருக்கை இன்னும் இருந்தது என்றாலும் ஒன்றொன்றாகச் சிதறிக் கிடந்ததால் நாலு பேர் குடும்பத்துக்கு உதவாது. நாற்காலிகள் 6.45-க்குள் பின்கட்டுக்குத் திரும்பின.

நிகழ்ச்சி தொடங்கியதோ 6.50-க்கு. சிறப்பு விருந்தினர் மழையில் தாமதம். நம்மூர் விழாக்களின் இந்தக் குணம் வாசல்காரர்களைக் காப்பாற்றிய மாலைகள் ஏராளம். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விளக்கு அணைந்த பிறகு

தாமதமாக வருபவரை எப்போது உள்ளே விடுவது என்பதற்குக் கடிகாரம் உதவாது, உருப்படிப் பட்டியல், அதாவது எந்த நடனத்துக்குப் பின் எது என்ற வரிசை, உதவும். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் இவற்றுக்கு இடையில் கைத்தட்டல் நேரத்தில் விடலாம். வர்ணம் தொடங்கிவிட்டால் அரை மணிக்கு மேல் போகும். நடுவில் விட இடமே இல்லை. ஆகவே வர்ணத்துக்கு முந்தின கைத்தட்டலில் வெளியில் இருக்கும் எல்லாரையும் ஒரே தடவையில் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். பட்டியலை நடத்துபவரிடம் முன்கூட்டியே வாங்கி, வாசல் ஆட்கள் ஒவ்வொருவர் பையிலும் வைக்க வேண்டும். அன்று அது ஒரே ஒரு பிரதி, மேனேஜரிடம் இருந்தது. விளைவு, வர்ணத்தின் நடுவே இடக்கதவு மூன்று தடவை திறந்து முகப்பு வெளிச்சம் அரங்குக்குள் விழுந்தது.

டார்ச்சை ஆள் முகத்தில் அடிக்காமல், தன் காலடியிலும் அடுத்த படியிலும் மட்டும் விழும்படி விரலால் பாதி மூடிப் பிடிக்க வேண்டும். போன் டார்ச் கூடாது. அதன் வெளிச்சம் பரந்து அடித்து நாலு வரிசையை எழுப்பும்.

இடைவேளை 15 நிமிடம் என்று அறிவித்தார்கள். பெண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில் ஆறு. ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் 15 நிமிடத்தில் 45 பேர். வரிசையில் நின்றவர்கள் அதைப் போல இரண்டு மடங்கு. பால்கனித் தளத்தில் இருந்த நாலு கழிப்பறை காலியாகக் கிடந்ததை யாரும் சொல்லவில்லை. மணி அடித்த பின்னும் இந்த வரிசை கரையாமல் இருந்தால் மேடைக்குத் தகவல் சொல்வது வாசல்காரர் வேலை. இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் இருட்டில் திரும்ப வரும்.

சாய்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்பது நடைமுறை அளவு: 45 செ.மீ. உயரம் ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மழையில் அதன் டைல்ஸ் வழுக்கியது. கயிற்றுப்பாய் ஒன்றை விரித்து நாலு மூலையிலும் ஒட்டுப்பட்டை போட்டால் போதும். சக்கர நாற்காலி சுருண்ட பாயில் சிக்குவதால் ஒட்டாமல் போடக் கூடாது. உள்ளே ஒரு சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம் இடம் வரிசை ஓரத்தில் ஒதுக்க வேண்டும், நடைவழிக்குள் நீளாமல்.

குறிப்பேடு

அன்றைய குறிப்பேட்டில் ஒரு மாணவர் எழுதியது: ‘இருக்கைக் குழப்பம். சரி செய்தோம்.’ இதனால் அடுத்த வாரம் வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதியிருக்க வேண்டும்: ‘6.15, இடக்கதவு. டிக்கெட்டில் ஐ, ஓ வரிசை உண்டு, அரங்கில் இல்லை. ஐ 22 பேர், ஓ 19 பேர். 39 பேர் கியூ, ஆர். 2 பேர் எம். மேனேஜரிடம் 6.17-க்குச் சொன்னது. 6.45-க்கு முடிந்தது. செயலி வரைபடம் இன்னும் திருத்தவில்லை.’ கடைசி வாக்கியம்தான் முக்கியம். நேரம், இடம், எண்ணிக்கை, யாரிடம் சொன்னது, என்ன பாக்கி என்ற ஐந்தும் இருந்தால் போதும். யார் தப்பு என்பதை ஏட்டில் எழுத வேண்டாம்.

அந்த அரை மணி

5 மணிக்கே ஏழு பேரையும் வரவழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கீழ்த்தளத்துக்காரர் இருவரும் டிக்கெட் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து கடைசி வரை நடந்து, ஒவ்வொரு வரிசை எழுத்தையும் வாய்விட்டுப் படித்திருப்பார்கள். ஏழெட்டு நிமிட வேலை. எச் அடுத்து ஜே என்பது அங்கேயே தட்டியிருக்கும். பால்கனிப் பெண் வராவிட்டால் அதுவும் 5 மணிக்கே தெரிந்து, முகப்பில் இருப்பவரை மேலே போடலாமா என்று யோசிக்க முக்கால் மணி கிடைத்திருக்கும். அப்படியே எல்லா வெளிக்கதவையும் தள்ளித் திறந்து பார்த்திருப்பார்கள். பூட்டு தொங்கினால் சாவி தேட நேரம் இருக்கும்.

வாடகைக்கு எடுப்பவரிடம் மூன்று நாள் முன்பே கேட்க வேண்டியவையும் உண்டு: விற்ற டிக்கெட்டின் வரைபடம், கொடுத்த பாஸ் எத்தனை, அதில் என்ன அச்சடித்திருக்கிறது, உருப்படிப் பட்டியல். செயலியில் விற்பனை திறக்கும் முன் எச் வரிசை ஓரத்தில் ஆறு இருக்கையை விற்காமல் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். முதலாளிகளுக்கு இது கசக்கும், 3000 ரூபாய் போகிறதே என்று. நிகழ்ச்சி தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது அந்த ஆறு இருக்கையின் மதிப்பு அதைவிட அதிகம்.

வேலைக்கு வருபவர் பக்கமும் சில கேள்விகள் உண்டு. முன்னால் வரும் அரை மணிக்குக் கூலி உண்டா? வேலை முடிவது திரை இறங்கும்போதா, கடைசி ஆள் வாசல் தாண்டும்போதா? இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி இருக்கும். விட்டுப்போன குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் சலங்கை எல்லாம் எடுத்துப் பதிய வேண்டியது அப்போதுதான். ஸ்கேன் செய்யும் இடத்தில் உட்கார ஸ்டூல் உண்டா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தரச் சொல்கிறது. 1947-ஆம் ஆண்டு மூலச் சட்டம் திரையரங்கையும் கேளிக்கை இடங்களையும் நிறுவனம் என்றே சேர்த்திருக்கிறது. கூட்டம் வரும்போது நிற்கத்தான் வேண்டும். வர்ணம் நடக்கும் அரை மணி நேரமும் கதவோரம் ஆள் நின்றுகொண்டே இருக்க ஒரு காரணமும் இல்லை.

பஸ்ஸையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 9.45-க்கு அரங்கைப் பூட்டினால் கோவை காந்திபுரம் பஸ் நிலையம் போய்ச் சேர 10.15. அங்கிருந்து பல்லடம் பக்கம் போக வேண்டிய மாணவியை ஞாயிறு இரவு எப்படி அனுப்புவது என்பதைப் பணிப்பட்டியல் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். முன்னால் கிளம்ப வேண்டியவருக்கு ஸ்கேன் வேலையைக் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரரைப் பால்கனியில் போட்டால் சரியாகிவிடும். ஸ்கேன் 7.30-க்கெல்லாம் முடிந்துவிடும், பால்கனி கடைசி ஆள் இறங்கும் வரை இருக்கும்.